அந்தப் பாடத்தை எடுக்கலாமா?

வணக்கம் தங்கச்சி. மனிதவள மேலாண்மை படிக்க இங்கிலாந்து வருகிறேன், விருப்பப் பாடங்களில் பணியிடப் பெண்ணியம் என்று ஒன்று இருக்கிறது, அதனால் வேலைக்குப் பிரயோஜனம் உண்டா, அங்கே ஆபீஸில் ஆணும் பெண்ணும் சமம்தானே என்று கேட்டிருந்தீர்கள்.

சமம் இல்லை. அதனால் பாடத்தைத் தாராளமாக எடுங்கள்.

இங்கே 250 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனங்கள், ஆண் பெண் சம்பள இடைவெளியை வருடா வருடம் வெளியிட வேண்டும். 2017இல் வந்த விதி. விண்ணப்பிக்கும் முன் அரசு இணையதளத்தில் அந்தக் கணக்கைப் பாருங்கள். ஒரே வேலைக்குக் குறைந்த சம்பளம் என்று அதற்கு அர்த்தமில்லை. மேல் பதவிகளுக்குப் போகப் போகப் பெண்கள் குறைவதுதான் பெரும்பாலும் காரணம்.

ஏன் குறைகிறார்கள்? ஜோன் ஆக்கர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1990இல் எழுதிய கட்டுரை முதல் வாரமே கைக்கு வரும் என்று நினைக்கிறேன். அலுவலகம் மனத்தில் வைத்திருக்கும் ஊழியருக்கு உடம்பு கிடையாது, பிள்ளைப்பேறு கிடையாது. வீட்டை வேறு யாரோ பார்த்துக்கொள்வார்கள் என்கிறார். நான் சென்னை ஓ.எம்.ஆரில் வேலை பார்த்தபோது ராத்திரி ஒன்பது மணி ஃபோன் மீட்டிங்கில் நிம்மதியாக உட்கார முடிந்ததே அப்படித்தான். குழந்தை அம்மாவிடம். பாத்திரம் தேய்க்கக் கண்ணகி நகரிலிருந்து ஓர் அக்கா வருவார். அவருடைய கைக்குழந்தையைப் பார்த்துக்கொண்டது அவருடைய மூத்த பெண். பள்ளிக்கூடத்துக்குப் பாதி நாள் மட்டம். இங்கே வந்தால் அம்மாவும் இல்லை, அக்காவும் இல்லை. டே கேர் பில்லைப் பார்த்தால் தலை சுற்றும்.

பிரசவ விடுப்பு 52 வாரம் என்று கேட்டு மயங்கிவிடாதீர்கள். சட்டப்படி பணம் 39 வாரத்துக்குத்தான். முதல் 6 வாரம் தாண்டினால் அதுவும் சுருங்கிவிடும். நம் ஊரில் 2017 திருத்தத்துக்கு அப்புறம் முதல் இரண்டு பிரசவத்துக்கு 26 வாரம், முழுச் சம்பளம். என்ன, கண்ணகி நகர் அக்காவுக்கு அது எட்டாது.

பாடத்தில் வரும் உதாரணங்கள் பெரும்பாலும் அமெரிக்கா, ஐரோப்பா. நம்முடையதை நீங்கள்தான் கொண்டுவர வேண்டும். கடை ஊழியர்களுக்கு இருக்கை தரவேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021இல் சட்டத் திருத்தம் வந்தது. விமானம் ஏறுவதற்குள் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் ரங்கநாதன் தெருவில் புடவை எடுக்கிற சாக்கில் போய்ப் பாருங்கள்: ஸ்டூல் போட்டிருக்கிறார்களா, கூட்ட நேரத்தில் அதில் யாராவது உட்காருகிறார்களா, சூப்பர்வைசர் வந்தால் எழுந்துகொள்கிறார்களா என்று. ஆய்வுக் கட்டுரைக்கு அதுவே போதும்.