“இது சிவில் மேட்டர், கோர்ட்டுக்குப் போங்க”

கேள்வி: சட்டக் கல்லூரியில் முதலாம் ஆண்டு சேர்ந்திருக்கிறேன். அரசியலமைப்பு, குற்றவியல், ஒப்பந்தம், தீங்கியல் என்று எல்லாம் ஒரே நேரத்தில் வருகிறது. சட்டத்தின் முக்கியப் பிரிவுகள் எவை? ஒன்றுக்கொன்று என்ன தொடர்பு?

நான் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தபோது, பக்கத்து வயல்காரர் எங்கள் வரப்பை இரண்டு முழம் வெட்டி உள்ளே தள்ளிக்கொண்டார். மூலையில் நின்ற சர்வே கல்லையும் பிடுங்கிப் போட்டார். ஏன் என்று கேட்கப் போன அப்பாவுக்கு அடி விழுந்தது. காவல் நிலையத்துக்குப் போனோம். “இது சிவில் மேட்டர், கோர்ட்டுக்குப் போங்க” என்று அனுப்பிவிட்டார்கள். 1996-ஆம் ஆண்டு நடந்தது இது. அவர்கள் சொன்னது பாதி சரி, பாதி தவறு என்று நானே சட்டம் படித்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. உங்கள் கேள்விக்கு அந்த வரப்பிலிருந்தே பதில் சொல்கிறேன், பிரிவுகள் எல்லாமே அதில் இருக்கின்றன.

முதலில் அவர்கள் தவறவிட்ட பாதி. அப்பாவை அடித்தது குற்றம். அரசு நட்ட எல்லைக் கல்லைப் பிடுங்குவதும் குற்றம்தான், அன்றைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 434-வது பிரிவு அதற்கென்றே இருந்தது. குற்றவியல் சட்டத்தில் ஒரு செயலை அரசு தனக்கே எதிரானதாக எடுத்துக்கொள்கிறது. அதனால் வழக்கு நடத்துவது அரசு, அடி வாங்கியவர் அதில் ஒரு சாட்சி. எதிராளிக்குத் தண்டனை கிடைத்தாலும் அந்த இரண்டு முழ நிலம் தானாகத் திரும்பி வராது. அப்பாவுக்கு இதை விளக்க நான் பட்ட பாடு இன்னும் நினைவிருக்கிறது. “அவனை உள்ளே தள்ளிட்டா நிலம் எனக்குத்தானே?” என்று கேட்டுக்கொண்டே இருப்பார்.

நிலத்தைத் திரும்பக் கேட்பதுதான் சிவில் வழக்கு, அதாவது உரிமையியல். இங்கே அப்பா வாதி, பக்கத்து வயல்காரர் பிரதிவாதி. அரசு நடுவில் இல்லை. நாங்கள் பார்த்த வக்கீல் கேட்ட முதல் கேள்வி நிலம் யாருடையது என்பது அல்ல. “வரப்பை வெட்டி எத்தனை மாசம் ஆச்சு?” என்பதுதான். காரணம், 1963-ஆம் ஆண்டின் குறித்தவகைத் தீர்வழிச் சட்டத்தில் 6-வது பிரிவு. சட்ட வழியில் அல்லாமல் உங்களை நிலத்திலிருந்து ஒருவர் அப்புறப்படுத்தினால், ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டு சுவாதீனத்தைத் திரும்பப் பெறலாம், பட்டா பத்திரம் வைத்து உரிமையை நிரூபிக்கவே தேவையில்லை. அப்புறப்படுத்தியவர் உண்மையான சொந்தக்காரராகவே இருந்தாலும் இதுதான் விதி. அவர் தன் உரிமையை வேறு வழக்கில் நிலைநாட்டிக்கொள்ள வேண்டும். ஆளாளுக்குக் கடப்பாரை தூக்கக் கூடாது என்பதற்காக எழுதப்பட்ட பிரிவு. சட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த பிரிவும் அதுதான்.

ஆறு மாதம் கடந்துவிட்டால்? உரிமையை நிரூபித்துத்தான் கேட்க வேண்டும், அதற்குப் பன்னிரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. இது காலவரையறைச் சட்டம். முதலாம் ஆண்டில் யாரும் இதைப் பெரிதாகச் சொல்லித் தருவதில்லை. ஆனால் நல்ல வழக்குகள் பல தோற்பது இந்த இடத்தில்தான்.

சரி, உரிமையை எப்படி நிரூபிப்பது? ஊரில் எல்லோரும் பட்டாவைக் காட்டுவார்கள். பட்டா ஒரு வருவாய்த் துறை ஆவணம், அது மட்டுமே உரிமை மூலம் ஆகாது என்று நீதிமன்றங்கள் பலமுறை சொல்லிவிட்டன. கிரயப் பத்திரம் வேண்டும். ஒப்பந்தச் சட்டத்துக்கும் சொத்துச் சட்டத்துக்கும் உள்ள எல்லையும் இங்கேதான் வருகிறது. ‘நிலத்தை உனக்கு விற்கிறேன்’ என்று கிரய ஒப்பந்தம் போட்டால், எழுதிக் கொடுத்தவரிடம் மட்டும் உங்களுக்கு ஓர் உரிமை. கிரயப் பத்திரம் பதிவானால், உலகத்தில் யாரிடமும் ‘இது என் நிலம்’ என்று சொல்லும் உரிமை. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 54-வது பிரிவு, வெறும் ஒப்பந்தம் சொத்தில் எந்தப் பாத்தியதையும் உண்டாக்காது என்று தெளிவாகச் சொல்கிறது. 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்தைப் படிக்கும்போது இந்த வித்தியாசத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் நிலம் தாத்தா வழியில் வந்தது. அதனால் அத்தைக்கும் அதில் பங்கு உண்டா என்ற கேள்வி வந்தது, வாரிசுரிமைச் சட்டம் நுழைந்தது. இந்தப் பிரிவு மதத்துக்கு மதம் மாறும். இந்துக்களுக்கு 1956-ஆம் ஆண்டுச் சட்டம். தமிழ்நாடு 1989-லேயே அதைத் திருத்தி, பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலவே பங்கு கொடுத்தது, ஆனால் அதற்கு முன்பே திருமணமானவர்களை விலக்கியது. 2005-இல் வந்த மத்தியத் திருத்தத்தில் அந்த விலக்கு இல்லை.

அடி வாங்கியதற்கான மருத்துவச் செலவை எதிராளியிடம் இழப்பீடாகக் கேட்பது தீங்கியல். இந்தியாவில் இதற்கென்று ஒரு தொகுப்புச் சட்டம் கிடையாது, தீர்ப்புகள் வழியாகவே வளர்ந்தது. ஸ்காட்லாந்தில் ஒரு பெண் குடித்த பானப் புட்டியில் நத்தை கிடந்ததாகத் தொடர்ந்த வழக்கின் 1932 தீர்ப்பை உங்களுக்கு இங்கே பாடமாக வைப்பது அதனால்தான்.

அப்புறம் அரசியலமைப்பு. நிலத்தை அளக்கப் பணம் கட்டியும் மாதக்கணக்கில் யாரும் வரவில்லை. அதிகாரி செய்ய வேண்டிய கடமையைச் செய்யாவிட்டால், செய்யச் சொல்லி உயர் நீதிமன்றத்தில் 226-வது உறுப்பின்கீழ் ரிட் மனு போடலாம். இது தனி மனிதனுக்கும் அரசுக்கும் இடையே உள்ள பொதுச் சட்டம், இதுவரை சொன்ன உரிமையியல் எல்லாம் தனியாருக்கு இடையே. மதுரைக் கிளை 2004-இல்தான் வந்தது, அப்போது சென்னைக்குத்தான் போக வேண்டும். எங்களிடம் அதற்குப் பணம் இல்லை. கடைசியில் முன்சீஃப் கோர்ட் நியமித்த வக்கீல் கமிஷனரும் நில அளவையரும் வந்துதான் சங்கிலி பிடித்து அளந்தார்கள். எங்கள் இடம் எங்கள் பக்கம் வந்தது.

அடிதடி வழக்கும் பிறகு பதிவாகித்தான் நடந்தது. ஆனால் அதில் எதிராளி விடுதலை ஆனார். முரண்பாடு என்று ஊரே பேசியது. சாட்சியச் சட்டம் தெரிந்தால் முரண்பாடு தெரியாது. குற்றத்தை நியாயமான ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும், சிவிலில் யார் சொல்வது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்று பார்த்தால் போதும். சாட்சியமும் நடைமுறைச் சட்டங்களும் பாடத்திட்டத்தில் பின்னால் வரும், காத்திருக்காதீர்கள், இப்போதே புரட்டுங்கள். அவை இல்லாமல் மற்றதெல்லாம் காகிதத்தில் நின்றுவிடும்.

ஒரு நாள் உங்கள் ஊர் நீதிமன்ற வளாகத்துக்குப் போய் வழக்குப் பட்டியலைப் பாருங்கள். ஓ.எஸ். என்றால் அசல் சிவில் வழக்கு, சி.சி. என்றால் குற்ற வழக்கு, எம்.சி.ஓ.பி. வாகன விபத்து இழப்பீடு, எச்.எம்.ஓ.பி. இந்துத் திருமண வழக்கு. ஒவ்வொன்றிலும் யார், யாரிடம், என்ன கேட்கிறார் என்று மட்டும் கேட்டு வாருங்கள்.

2024 ஜூலை 1 முதல் தண்டனைச் சட்டத்துக்குப் பதில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது, கொலைக்குத் தண்டனை சொல்லும் பழைய 302-வது பிரிவு இப்போது 103. அந்தத் தேதிக்கு முன் நடந்த குற்றங்களுக்குப் பழைய சட்டம்தான். நோட்டில் இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.