ஈ1 (E1) என்னும் எண்முறைத் தொலைபேசி இணைப்பின் வினாடிக்கு 2,048 கிலோபிட் வேகத்தை மெகாபிட்டாக மாற்ற 1000-ஆல் வகுப்பதா, 1024-ஆல் வகுப்பதா?

1000-ஆல்தான் வகுக்க வேண்டும்; விடை வினாடிக்கு 2.048 மெகாபிட். 2,048 என்பது 1024-இன் இருமடங்காக அமைந்திருப்பதால் சரியாக 2 மெகாபிட் என்று கொள்ளத் தோன்றும். ஆனால் அந்த எண் வந்த வழியே வேறு. தொலைபேசிக் குரலை வினாடிக்கு 8,000 முறை மாதிரியெடுத்து, ஒவ்வொரு மாதிரியையும் 8 பிட்டுகளாகக் குறிப்பதால், ஒரு குரல் தடத்துக்கு 64,000 பிட், அதாவது 64 கிலோபிட் தேவைப்படுகிறது; ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் வழங்கிய ஈ1 முறையில் ஒவ்வொன்றும் 64 கிலோபிட் கொண்ட 32 காலத்துண்டுகள் (ஒரே இணைப்பைத் தடங்கள் மாறி மாறிப் பயன்படுத்தும் நேரப் பங்குகள்) சேர்ந்தே 2,048 கிலோபிட் ஆகின்றன. தொலைத்தொடர்பில் இணைப்பின் வேகம் பதின்ம மடங்குகளில்தான் சொல்லப்படுகிறது. 1024 கணினி நினைவகத்துக்கு உரிய கணக்கு.

வட அமெரிக்காவின் டி1 இணைப்பைப் பார்த்தால் ஐயமே எழாது: 24 தடங்களுக்கு 1,536 கிலோபிட், சட்டக ஒத்திசைவுக்கு (ஒவ்வொரு சுற்றுத் தரவும் எங்கே தொடங்குகிறது என்று காட்டுவதற்கு) 8 கிலோபிட், ஆக 1,544 கிலோபிட்; இது 1024-இன் மடங்கே அல்ல.

பைட்டாக மாற்ற 8-ஆல் வகுத்தால் ஈ1-க்கு வினாடிக்கு 256 கிலோபைட் வரும். எனினும் குரல் சேவையில் ஒரு துண்டு ஒத்திசைவுக்கும் மற்றொன்று சமிக்ஞைக்கும் (அழைப்பை இணைக்கவும் துண்டிக்கவும் உதவும் தகவலுக்கும்) ஒதுக்கப்படுவதால், எஞ்சும் 30 துண்டுகளின் 1,920 கிலோபிட், அதாவது 240 கிலோபைட் மட்டுமே அழைப்புகளுக்குக் கிடைக்கும்.