கேசட்டில் மங்கிய ‘கிருஷ்ணா’

கேள்வி: 1996இல் வந்த ‘கலோனியல் கசின்ஸ்’ ஆல்பம்தான் பத்தாம் வகுப்பில் எனக்கு உயிர். கேசட்டைப் பரணிலிருந்து எடுத்து டெக்கில் போட்டால், ஹரிஹரன் போர்வைக்குள்ளிருந்து பாடுவதுபோல் கேட்கிறது. கேசட் போய்விட்டதா?
– வாசகி, சத்துவாச்சாரி

பதில்: பெரும்பாலும் போயிருக்காது. ஆனால் இதே நிலையில் திரும்பத் திரும்ப ஓட்டாதீர்கள்.

முதலில் டேப் வெளியே தெரியும் விளிம்பைப் பாருங்கள். நடுவில் மெல்லிய தகட்டின்மேல் சிறிய ஃபெல்ட் பேட் ஒட்டியிருக்க வேண்டும். டேப்பை, டெக்கில் ஒலியைப் படிக்கும் ஹெட்டோடு அழுத்திப் பிடிப்பது அதுதான். மொட்டைமாடித் தளத்துக்கு அடியில் இருக்கும் பரண், வேலூர் மே மாத வெயிலில் அடுப்பாகிவிடும். பசை காய்ந்து பேட் விழுந்துவிடும். வேண்டாத கேசட் ஒன்றிலிருந்து தகட்டோடு எடுத்துப் பொருத்தலாம். திருகு போட்ட கேசட்டாக இருந்தால் வேலை சுலபம். சுருளின் ஓரத்தில் வெள்ளைப் பொடி தெரிந்தால் அது பூஞ்சை. டெக்கில் போடவே கூடாது, மற்ற கேசட்டுகளுக்கும் பரவும்.

பேட் சரியாக இருந்தால் டெக்கைக் கவனியுங்கள். 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைக் காதுகுடையும் பஞ்சுக்குச்சியில் தொட்டு, ஹெட்டையும் பக்கத்தில் சுழலும் உலோகக் கம்பியையும் குச்சியில் பழுப்பு வருவது நிற்கும் வரை துடையுங்கள். ஐந்து நிமிடம் காயட்டும். பிறகு கேசட்டை முழுவதும் முன்னோக்கி ஒருமுறை, பின்னோக்கி ஒருமுறை ஓட்டினால் ஒட்டிக்கிடக்கும் சுற்றுகள் பிரியும். கேசட்டில் டால்பி (இரைச்சலைக் குறைக்கும் முறை) குறி இல்லையென்றால் டெக்கில் டால்பியை அணைத்துவிடுங்கள். மங்கலுக்குப் பல நேரம் இதுவே காரணம்.

இதன் பிறகும் மங்கல் இருந்தால் ஹெட் சாய்ந்திருக்கலாம். ஹெட்டின் ஓரத்தில் ஸ்பிரிங்கோடு இருக்கும் திருகுதான் அசிமத்தை, அதாவது டேப்புக்கு ஹெட் நிற்கும் கோணத்தை, மாற்றுவது. அந்த ஆல்பத்தின் ‘கிருஷ்ணா’ பாட்டை ஓடவிட்டு, அந்தப் பெயரில் வரும் ‘ஷ்’ஷை மட்டும் கேளுங்கள். திருகைக் கால் சுற்றுக்கும் குறைவாக, மெல்லத் திருப்புங்கள். ‘ஷ்’ கூர்மையாகி, கிதார் தந்தியில் விரல் படுவது கேட்கும் இடத்தில் நிறுத்துங்கள். அந்த இடம் வந்ததும் உங்களுக்கே தெரிந்துவிடும், அவ்வளவு அழகாகத் திறக்கும்.

அன்றைக்கே பதிவு செய்துவிடுங்கள். லேப்டாப்பின் மைக் துளை வேண்டாம், ஒலி உடையும். டெக்கின் ஒலியை வாங்கும் லைன்-இன் துளை உள்ள யூஎஸ்பி சவுண்ட் கார்டு வாங்குங்கள். உச்ச அளவு மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல், 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், வேவ் கோப்பு. நிமிடத்துக்குச் சுமார் 10 எம்பி பிடிக்கும்.

கேள்வி: அதே பாட்டு போனில் ஒரு சுருதி, என் கேசட்டில் கொஞ்சம் ஏறிய சுருதி. எது சரி?
– வாசகர், குடியாத்தம்

பதில்: போனில் வருவதை நம்புங்கள். உங்கள் டெக் வேகமாக ஓடுகிறது. 240 நொடிப் பாட்டு 226 நொடியில் முடிந்தால் ஒரு ஸ்வரஸ்தானமே ஏறியிருக்கும். பல டெக்குகளில் மோட்டாரின் பின்பக்கத் துளைக்குள் வேகத் திருகு இருக்கும். திறக்கத் தயக்கமென்றால், பதிவு செய்தபின் ஆடாசிட்டி என்ற ஒலித்திருத்த மென்பொருளில் ‘சேஞ்ச் ஸ்பீட்’ (புதிய பதிப்புகளில் ‘சேஞ்ச் ஸ்பீட் அண்ட் பிட்ச்’) கொடுங்கள். ‘சேஞ்ச் பிட்ச்’ வேண்டாம், சுருதி மட்டும் இறங்கும், தாளம் ஓட்டமாகவே இருக்கும்.