இரண்டு இஞ்ச் கண்வில்லை வாங்கலாமா?

வணக்கம் டீச்சர்,

உங்களிடம் ஆறாம் ஆண்டு படித்தவன் நான். இப்போது பாடாங் செராய் பக்கம் ஒரு தோட்டத்தில் கிராணி வேலை. பழைய மீட் இடிஎக்ஸ்-90 தொலைநோக்கி ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். நிலாவும் வியாழனும் அருமையாகத் தெரிகின்றன. ஆனால் கார்த்திகை நட்சத்திரக் கூட்டம் மொத்தமாக உள்ளே வரமாட்டேன் என்கிறது. பின்பக்கம் அடாப்டர் போட்டு, இரண்டு இஞ்ச் டயகனலும் (ஒளியைப் பக்கவாட்டில் திருப்பும் கண்ணாடி) பெரிய கண்வில்லையும் (கண் வைத்துப் பார்க்கும் வில்லை) மாட்டினால் சரியாகிவிடும் என்கிறார் ஒரு நண்பர். 500 வெள்ளி சேர்த்து வைத்திருக்கிறேன். வாங்கலாமா?

அன்புள்ள தம்பி,

வேண்டாம். அடாப்டர் கிடைக்கும், மாட்டவும் முடியும். மாட்டிய பிறகுதான் தொல்லையே.

உன் நண்பரின் கணக்கு தப்பில்லை. தொலைநோக்கியின் குவியத்தூரம் 1250 மி.மீ. இப்போது நீ போடும் ஒன்றேகால் இஞ்ச் கண்வில்லைக்குள், காட்சிக்கு எல்லை கட்டும் வளையம் அதிகம் போனால் 27 மி.மீ. அதை 1250ஆல் வகுத்து, பாகையாக்க 57.3ஆல் பெருக்கு, ஒன்றேகால் பாகை வரும். ஒரே பார்வையில் தெரியும் வானம் அவ்வளவுதான். பிளாசல் என்ற சாதாரண வகையில் 32 மி.மீ. கண்வில்லையே இதைக் காட்டிவிடும். இரண்டு இஞ்ச்சில் வளையம் 46 வரை போகும், அதாவது இரண்டு பாகைக்குக் கொஞ்சம் மேல். கார்த்திகையின் அகலமும் கிட்டத்தட்ட இரண்டு பாகைதான். காகிதத்தில் எல்லாம் சரி.

ஒளி வரும் வழியைத்தான் அவர் பார்க்கவில்லை. உன்னுடையது மாக்சுடோவ் வகை, முன்னால் வில்லையும் பின்னால் கண்ணாடியும் கொண்டது. பெரிய கண்ணாடியின் நடுவில் ஒரு துளை, அதில் ஒரு குழாய். அதன் வழியாகத்தான் ஒளி பின்னால் வந்தாக வேண்டும். பகலில் சூரியன் இல்லாத பக்கமாக, ஒரு வெள்ளைச் சுவரைப் பார்த்துத் தொலைநோக்கியை வை. ஒளியை மேலே கண்வில்லைக்குத் திருப்பும் சின்னக் கண்ணாடி உள்ளே இருக்கிறது; அதை மடக்கி, ஒளி பின்பக்கம் கேமரா மாட்டும் துளைக்குப் போகும்படி செய்து, பின்மூடியைக் கழற்றிப் பார். வெளிச்ச வட்டம் தெரியும். அதற்கு நேராக ரூலரைப் பிடி. 46க்குக் கிட்டக்கூட வராது. நீ எவ்வளவு பெரிய கண்வில்லை போட்டாலும் ஓரமெல்லாம் இருட்டிக்கொண்டு போகும்.

இன்னொரு சிக்கல் நம் ஊருக்கே உரியது. நாம் இருப்பது பூமத்திய ரேகைக்கு ஐந்தரைப் பாகை வடக்கில். லண்டனில் வியாழன் தெற்கே சாய்ந்துதான் நிற்கும். நமக்கோ வியாழனும் சனியும் உச்சிக்கு வரும்போது நடுவானிலிருந்து ஏறக்குறைய 30 பாகைக்குள்தான் இருக்கும். குழாய் மேலே பார்க்கப் பார்க்க அதன் பின்பக்கம், குழாயைப் பிடித்திருக்கும் தாங்கியின் கைகளுக்கு நடுவே இறங்கும். அங்கே பெரிய டயகனல் நீட்டிக்கொண்டிருந்தால் அடிப்பாகத்தில் இடிக்கும். நல்ல காட்சி எப்போது கிடைக்குமோ, சரியாக அப்போதுதான் இடிக்கும். இடிஎக்ஸில் கண்வில்லையை மேல்பக்கம் வைத்ததே இதற்குத் தோதாகத்தான் இருக்கிறது. அதை ஏன் கெடுப்பானேன்?

எடை வேறு. சில இரண்டு இஞ்ச் கண்வில்லைகள் அரைக் கிலோவைத் தாண்டும். தாங்கியோ பிளாஸ்டிக். குருவி தலையில் பனங்காய். பின்பக்கம் கனத்துப்போனால் பிடிப்பு வழுக்கும்.

சரி, 500 வெள்ளியை என்ன செய்வது? கார்த்திகைக்கு 10x50 பைனாகுலர் வாங்கு. ஆறு பாகைக்கு மேல் காட்டும். தெற்குச் சிலுவைகூட அநேகமாக முழுசாக அடங்கிவிடும். உன் தொலைநோக்கிக்கு ஒமேகா செண்டாரி என்ற நட்சத்திரக் கொத்து போதும். மே மாத இரவுகளில் தெற்கே பார், 32 மி.மீ. கண்வில்லைக்குள் தாராளமாக உட்காரும்.

தொலைநோக்கியில் ஏதாவது மாட்டியே ஆகவேண்டும் என்றால், வானில் குறிபார்க்க உதவும் சிவப்புப் புள்ளி ஃபைண்டர் ஒன்று மாட்டு. கூடவே வரும் 8x21 ஃபைண்டரில் தலைக்கு மேலே தேடினால் கழுத்து ஒடிந்துவிடும். அதை யார் வடிவமைத்தார்களோ! அப்புறம் பழைய யோகா பாயை வெட்டி, முன்பக்கம் ஒரு சாண் நீட்டிக்கொண்டிருக்கும்படி சுற்றிவிடு. செம்பனைக்காட்டு ஓரத்தில் நள்ளிரவு தாண்டினால் முன்கண்ணாடியில் பனி பூக்கும், அதற்கு இது போதும். பூத்துவிட்டால் துடைக்காதே. வீட்டுக்குள் கொண்டுவந்து, காய்ந்த பிறகு மூடி போட்டு, சிலிக்கா ஜெல்லோடு காற்றுப் புகாத டப்பாவில் வை. ஈரத்தோடு மூடினால் பூஞ்சை பிடிக்கும்.