பழைய பாறை என்றால் அசையாத பாறையா?

திருமயம் கோட்டைப் பாறை அவ்வளவு பழசு, அப்படியானால் செட்டிநாட்டு நிலம் அசையவே அசையாதா என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படிச் சொல்ல முடியாது. நம் அடிப்பாறை 50 கோடி ஆண்டுக்கும் மேல் பழையதுதான், ஆனால் சுமார் 13 கோடி ஆண்டுக்கு முன் இந்தியா, அண்டார்டிகா எல்லாம் ஒன்றாக ஒட்டியிருந்த கோண்டுவானா என்ற பெருங்கண்டம் பிரிந்தபோது அதே பாறை இழுபட்டு உடைந்து, கிழக்குப் பக்கம் படிப்படியாகக் கீழே இறங்கிவிட்டது. அதனால்தான் திருமயத்தில் தரைக்கு மேலே நிற்கும் பாறை, கடற்கரைப் பக்கம் போகப் போக வண்டலுக்கு அடியில், சில இடங்களில் கிலோமீட்டர் கணக்கான ஆழத்தில் கிடக்கிறது.

சரி, பாறையில் விரிசல் இருந்தாலே நகர்ந்ததாக அர்த்தமா? இல்லை, வெறும் விரிசல் எங்கும் இருக்கும். வெள்ளைக் குவார்ட்ஸ் கோடு ஒன்று விரிசலைத் தாண்டும்போது ஒரு சாண் தள்ளிப்போய்த் தொடர்ந்தால், அங்கே பாறை நகர்ந்திருக்கிறது. பிளந்த முகம் தேய்த்த மாதிரி வழவழப்பாக, ஒரே திசையில் கீறல்களோடு இருந்தால் இன்னும் உறுதி.

இதெல்லாம் பழங்கதை என்றும் விட முடியாது: 1993 செப்டம்பர் 30 அதிகாலை, அசையாது என்று நம்பிய தக்காணத்தில்தான், மகாராஷ்டிரத்தில், லாத்தூர் நிலநடுக்கம் வந்தது, கில்லாரி ஊரே தரைமட்டமானது.