நட்சத்திரக்குறியை முதலில் பார்ப்பது யார்? – கணினி கேள்வி பதில்

கேள்வி: எங்கள் அலுவலக லினக்ஸ் செர்வர் கல்முனையில் இருக்கிறது, நான் கல்லடியிலிருந்து எஸ்எஸ்எச் (தூரத்திலிருந்து செர்வருக்குள் நுழையும் முறை) வழியாகத்தான் அதைப் பார்த்துக்கொள்கிறேன். நெட்வொர்க் இன்டர்ஃபேஸ்களை (ஈத்0, ஈத்1 மாதிரிப் பெயர் கொண்ட இணைப்புகளை) மொத்தமாக ஏற்றி இறக்க பைத்தனில் ஒரு சின்ன டூல் எழுதினேன். ஈத்* (ஈத் என்று தொடங்கும் எல்லாம்) என்று கொடுத்தால் ஹோம் ஃபோல்டரில் நன்றாக ஓடுகிறது, பேக்கப் ஃபோல்டரில் நின்று ஓட்டினால் "அப்படி ஒரு இன்டர்ஃபேஸ் இல்லை" என்கிறது. பேசாமல் ரெகெக்ஸுக்கு (வடிவம் சொல்லி எழுத்துகளைத் தேடும் இன்னொரு முறைக்கு) மாறிவிடவா?
– வாசகர், கல்லடி, மட்டக்களப்பு

பதில்: மாற வேண்டாம், பொறுங்கள். அந்த பேக்கப் ஃபோல்டரில் எல்எஸ் அடித்துப் பாருங்கள், ஈத்0.பழசு என்கிற மாதிரி ஈத் என்று தொடங்கும் ஃபைல் ஒன்று கட்டாயம் கிடக்கும். நீங்கள் அடிக்கும் நட்சத்திரத்தை முதலில் பார்ப்பது உங்கள் டூல் அல்ல, ஷெல் (நீங்கள் அடிக்கும் கட்டளையை வாங்கி ஓட்டும் நிரல்). பொருந்துகிற ஃபைல் இருந்தால் அதன் பெயரைப் போட்டுத்தான் டூலிடம் கொடுக்கும். இல்லாவிட்டால் பாஷ் என்கிற ஷெல் நட்சத்திரத்தை அப்படியே டூலிடம் தள்ளிவிடும், இசட்ஷெல் என்கிற ஷெல் என்றால் பொருத்தம் இல்லை என்று அங்கேயே நின்றுவிடும். ஹோம் ஃபோல்டரில் ஓடியது வெறும் அதிர்ஷ்டம்.

ஒற்றை மேற்கோளுக்குள் போட்டு அடித்தால் இப்போதைக்குத் தீரும், உதவிப் பக்கத்தில் உதாரணத்தையும் மேற்கோளோடே எழுதிவிடுங்கள். இந்தத் தொல்லைக்கு லினக்ஸ் ஃபயர்வால் கட்டளையான ஐபிடேபிள்ஸில் இடமே இல்லை, அங்கே ஈத்+ என்றால் ஈத் என்று தொடங்கும் எல்லாம், கூட்டல் குறியை பாஷ் சீண்டாது. டெபியன் லினக்ஸில் இன்டர்ஃபேஸ்களை ஏற்றி இறக்கும் இஃப்அப்டவுன், பேட்டர்னுக்கு (ஈத்* மாதிரிப் பொருத்தும் வடிவத்துக்கு) முன்னால் ஒரு சாய்கோடு கேட்கும். எனக்குப் பிடித்தது அதுதான், ஏனென்றால் லினக்ஸில் இன்டர்ஃபேஸ் பெயருக்குள் நட்சத்திரம்கூட வரலாம், சாய்கோடு வரவே முடியாது, ஆகவே எது பெயர் எது பேட்டர்ன் என்ற குழப்பமே இல்லை.

இனி ரெகெக்ஸ். பைத்தனின் ரெகெக்ஸ் தேடலான ரீ.சர்ச் போட்டு ஈத்1 என்று தேடினால் ஈத்10 வரும், ஈத்1.20 என்ற விலேன் (ஒரே இணைப்பைப் பிரித்து உருவாக்கும் துணை இன்டர்ஃபேஸ்) வரும், அதோடு டாக்கர் (நிரல்களைத் தனித்தனிப் பெட்டிகளில் ஓட்டும் மென்பொருள்) உருவாக்கி வைத்திருக்கும் வீஈத்1 என்று தொடங்கும் பெயர்களும் வந்து விழும், ஏனென்றால் அவற்றின் நடுவிலும் அந்த எழுத்துகள் இருக்கின்றன. ரீ.மேட்ச் முன்பக்கத்தை மட்டும்தான் கட்டும், பின்பக்கம் திறந்தபடியே கிடக்கும். விலேன் பெயரில் வரும் புள்ளிக்கு ரெகெக்ஸில் வேறு அர்த்தம் என்பது தனிக் கதை. நட்சத்திர பேட்டர்னுக்கான பைத்தனின் எஃப்என்மேட்ச் முழுப் பெயரையும் பொருத்திப் பார்க்கும், அதையே வையுங்கள். ரெகெக்ஸ் கட்டாயம் வேண்டுமென்றால் தனி ஆப்ஷனாகக் கொடுங்கள், உள்ளே முழுப் பெயரும் பொருந்தக் கேட்கும் ரீ.ஃபுல்மேட்ச் போடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் என்னைப் பயப்படுத்துவது அதுதான்: விலக்கும் ஆப்ஷன். "எல்லாவற்றையும் இறக்கு, ஈத்0 தவிர" என்று அடிக்கும்போது ஈத்0க்குப் பதிலாக ஈத்O (சுழியத்துக்குப் பதில் ஓ என்ற ஆங்கில எழுத்து) என்று விழுந்துவிட்டால், எதுவும் பொருந்தவில்லை என்று சொல்லாமலே டூல் வேலையை முடித்துவிடும், நீங்கள் உள்ளே வந்த இன்டர்ஃபேஸும் இறங்கிவிடும், மறுகா கல்முனைக்கு பஸ் ஏற வேண்டியதுதான். விலக்கச் சொன்ன பேட்டர்ன் ஒன்றுக்கும் பொருந்தாவிட்டால் டூல் எதையும் தொடாமல் பிழை சொல்லி நிற்க வேண்டும், வெளியேறும் எண்ணும் (முடியும்போது டூல் திருப்பித் தரும் எண், சுழியம் என்றால் வெற்றி) சுழியமாக இருக்கக்கூடாது. செய்யாமல் பட்டியலை மட்டும் காட்டும் ஆப்ஷனும் வேண்டும், இஃப்அப்டவுனின் இஃப்அப் கட்டளையில் நோ-ஆக்ட் இருக்கிறதே, அதுபோல.

கேள்வி: பல பேட்டர்ன்களை கமாவால் பிரித்து வாங்குவதா, ஆப்ஷனையே திரும்பத் திரும்பக் கொடுக்க விடுவதா?
– வாசகர், அக்கரைப்பற்று

பதில்: திரும்பக் கொடுக்க விடுங்கள், இஃப்அப்பின் விலக்கும் ஆப்ஷனான எக்ஸ்குளூட் அப்படித்தான். கமாவும் பெயருக்குள் வர லினக்ஸ் தடை சொல்வதில்லை, யாரும் வைப்பதில்லை என்பது வேறு விஷயம். எதற்கு வீணாக ஒரு பிரிப்பு வேலை?