வீடு பூட்டிப் போகிறீர்களா? தபாலை நிறுத்தி வைப்பது பற்றி கேள்வி-பதில் (அமெரிக்கா)

கே: நாலு நாள் வெளியூர் போகிறோம். இதற்கெல்லாம் ஹோல்ட் மெயில் (தபாலை அஞ்சலகத்திலேயே நிறுத்தி வைக்கும் சேவை) போடலாமா?

ப: தாராளமாக. குறைந்தது 3 நாள், அதிகபட்சம் 30 நாள். கட்டணம் இல்லை.

கே: காலை 8 மணிக்கு விண்ணப்பித்தேன். மதியமே தபால் வந்துவிட்டதே?

ப: வரத்தான் செய்யும். அன்றே நிற்க வேண்டுமானால் கிழக்கு நேரப்படி அதிகாலை 3 மணிக்குள் போட்டிருக்க வேண்டும். கலிஃபோர்னியாவில் அது நள்ளிரவு 12. அதற்குப் பிறகு போட்டால் அடுத்த தபால் நாளிலிருந்துதான் கணக்கு. யூஎஸ்பிஎஸ் (அமெரிக்க அஞ்சல் சேவை) தளத்தில் எழுதியே இருக்கிறது, படிக்காமல் கேட்கிறீர்கள். 30 நாள் முன்பே பதிவு செய்யலாம் என்றிருக்க, கிளம்பும் நாள்வரை ஏன் தள்ளிப்போட வேண்டும்? வரும் உறுதிப்படுத்தல் எண்ணைக் குறித்து வையுங்கள்.

கே: இணையத்தில் கணக்கு இல்லை.

ப: அஞ்சலகத்தில் படிவம் 8076 கேட்டு வாங்கி, நிரப்பிக் கொடுங்கள்.

கே: எங்கள் தபால் பெட்டி பெரியது. மூன்று வாரம்தானே, அப்படியே விட்டால் என்ன?

ப: தயவுசெய்து விடாதீர்கள். விளம்பரத் தாளும் கூப்பன் கட்டும் சேர்ந்து சீக்கிரமே பாதிப் பெட்டியை அடைத்துவிடும். அதன்பின் வரும் உறைகள் மடங்கி, மூடி சாத்தாமல், ஓரம் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். மழை வந்தால் ஊறும். வீட்டில் ஆளில்லை என்பது தெருவில் போகிற எவருக்கும் தெரிந்துவிடும். திருட வருகிறவன் தேடுவது காசோலையையும் புது கிரெடிட் கார்டையும். காசோலையின் மையை ரசாயனத்தால் கழுவி, பெயரையும் தொகையையும் மாற்றி எழுதிப் பணமாக்கிவிடுகிறார்கள். திருட்டே நடக்காவிட்டாலும், பெட்டியில் இடமில்லாதபோது தபால்காரர் மிச்சத்தை அஞ்சலகத்துக்கே எடுத்துப் போய்விடுவார். யாரும் போய்க் கேட்காவிட்டால் வீடு காலி என்று அனுப்பியவருக்கே திரும்பிப் போகும். கடிதம் திரும்பிவந்தால் வங்கி உங்கள் முகவரியைச் சந்தேகிக்கும். ஊரிலிருந்து திரும்பிய களைப்போடு அதைச் சரிசெய்ய நாள்கணக்கில் அலைவீர்கள். ஹோல்ட் போட 5 நிமிடம் போதும்.

கே: மூன்று பேர் சேர்ந்து இருக்கும் வீடு. என் கடிதங்களை மட்டும் நிறுத்த முடியுமா?

ப: முடியாது. நிற்பது அந்த முகவரிக்கு வரும் எல்லாத் தபாலும். மற்றவர்களைக் கேட்காமல் போட்டால் அவர்களுடைய மருந்துப் பார்சலும் சேர்ந்து நின்றுவிடும்.

கே: இரண்டு மாதம் இந்தியாவில் இருப்போம். 30 நாளாக இரண்டு தடவை போடலாமா?

ப: வேண்டாம். தற்காலிக முகவரி மாற்றம் கொடுங்கள். 15 நாளிலிருந்து, நீட்டித்தால் ஒரு வருடம்வரை போகும். தபால் போகும் முகவரி நம்பிக்கையான நண்பர் வீடாக இருக்கட்டும். ஒன்று கவனியுங்கள்: 'ரிட்டர்ன் சர்வீஸ் ரெக்வெஸ்டட்' என்று அச்சிட்ட உறை நண்பர் வீட்டுக்குப் போகாது, அனுப்பியவருக்கே திரும்பும். வங்கி அட்டைகள் பலவும் அப்படித்தான் வரும். கிளம்புமுன் வங்கியிடம் பேசிவிடுங்கள்.

கே: யூபிஎஸ், ஃபெட்எக்ஸ் பார்சல்களும் நிற்குமா?

ப: நிற்காது. யூஎஸ்பிஎஸ் கொண்டுவருவது மட்டுமே நிற்கும், மற்றவை வாசலில் கிடக்கும். அந்தந்த நிறுவனத்திடம் தனியாகச் சொல்லுங்கள்.

கே: ஒரு வாரம் முன்னதாகவே திரும்பிவிட்டோம்.

ப: உறுதிப்படுத்தல் எண்ணை வைத்துத் தளத்திலேயே முடிவுத் தேதியை மாற்றலாம். எண் இல்லையா? புகைப்பட அடையாள அட்டையோடு அஞ்சலகத்துக்கு நேரில் போங்கள். அடுத்த முறையாவது குறித்து வையுங்கள்.